கொல்லிமலையில் சாமைச் சோறு எங்கே?

“அத்தை, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பரோட்டா தின்னுட்டு வந்திருக்கோம்.”

சொல்லிவிட்டுத் தம்பி மகள் சமையலறைத் திண்டில் ஏறி உட்கார்ந்தாள். கூட வேலை செய்யும் பெண்கள் நான்கு பேரோடு இரண்டு நாள் கொல்லிமலைக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் இறங்கியிருந்தாள். பையிலிருந்து ஓர் அன்னாசி, கால் கிலோ மிளகு, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் வெளியே வந்தன. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏறியதில் கால் இன்னும் நடுங்குகிறதாம். அறப்பளீசுவரர் கோயில், சீக்குப்பாறையிலிருந்து தெரிந்த பள்ளம், காலையில் சன்னல் வரைக்கும் வந்து நின்ற மேகம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குறை ஒன்றே ஒன்றுதான். “மலைச் சாப்பாடுன்னு ஒண்ணுமே கெடைக்கல அத்தை. நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல என்ன கெடைக்குமோ அதேதான் மேல செம்மேட்டுலயும். சாமைச் சோறு கேட்டா, முன்னாடியே சொல்லியிருக்கணும்ங்கிறாங்க.”

இஞ்சியைத் தட்டிப் போட்டு டீ வைத்தேன். அவள் கேட்டது சாப்பாட்டைப் பற்றிய கேள்விபோல இருந்தாலும், பதில் சொல்ல வேண்டுமானால் அந்த மலையின் கடந்த அறுபது எழுபது ஆண்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் ராசிபுரத்துக்காரி. மழை விட்ட நாளில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தென்கிழக்கே நீலமாகத் தெரிகிற மலை அது. எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறேன். நானும் முதல் முறை போனபோது இதே ஏமாற்றத்தோடுதான் வந்தேன்.

“முதல்ல ஒண்ணு கேக்குறேன் கண்ணு. உங்களுக்குச் சோறு போட்டவங்க யாரு?”

“மலையாளிங்கன்னு சொன்னாங்க. கேரளாவுலேர்ந்து வந்தவங்களா அத்தை?”

இந்தக் குழப்பம் பலருக்கு உண்டு. கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்றுதான் பெயர். அதற்கும் மலையாள மொழிக்கும் தொடர்பு இல்லை. மலையை ஆள்கிறவர் மலையாளி, அவ்வளவுதான். பேசுவது தமிழ். சேர்வராயன் மலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை எல்லாவற்றிலும் இவர்கள் இருக்கிறார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகள் என்றும், ஒருவர் சேர்வராயனிலும் ஒருவர் பச்சைமலையிலும் ஒருவர் கொல்லியிலும் தங்கிவிட்டார்கள் என்றும் அவர்களிடையே ஒரு கதை உண்டு. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல்தொகுதியிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. அண்ணன் தம்பிகளின் பெயரும் வரிசையும் மலைக்கு மலை கொஞ்சம் மாறும். கீழ்நாட்டிலிருந்து உழவைச் சுமந்துகொண்டு மேலே போன மக்கள் என்ற நினைவு மட்டும் எங்கும் ஒன்றாக இருக்கிறது.

ஆமாம், உழவுதான் முக்கியம். மலைவாசி என்றதும் வேட்டை, தேன் என்று நமக்குத் தோன்றும். கொல்லிமலை மேலே போய்ப் பார்த்தால் ஏர் மாடும் வரப்பும் களமும்தான் கண்ணில் படும். அறப்பளீசுவரர் கோயிலின் கதையே ஏர்க்கொழு பட்டு லிங்கம் வெளிப்பட்டதாகத்தான் சொல்கிறது. அந்தத் தழும்பு லிங்கத்தின் மேல் இன்னும் இருக்கிறது என்பார்கள். மலை முழுவதையும் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று நாடு நாடாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். கீழ்நாட்டில் பெரும்பாலும் செப்பேட்டிலும் கல்வெட்டிலும் மிஞ்சிய ஒரு சொல், அங்கே பஸ்ஸின் பெயர்ப் பலகையில் ஓடுகிறது. எனக்கு அது ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தரும்.

இப்படி உழுத மக்கள் என்ன விதைத்தார்கள்? பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் நிற்கிற இடங்களில் நெல். அது குறைவு. சரிவான மேட்டுக் கொல்லைகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. ஊடே அவரை, மொச்சை, கடுகு. இவற்றில் அன்றாடச் சோறு என்றால் சாமைதான்.

“நீ சாமை என்று ஒரே பெயராகச் சொல்கிறாய். அங்கே அது ஒரு குடும்பம்” என்றேன். கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை. கட்டவெட்டி சீக்கிரம் விளைந்துவிடும். பழைய தானியம் தீர்ந்து புதியது வராத மாதங்களில் வீட்டைக் காப்பாற்றுவது அது. பெருஞ்சாமை வகைகள் நின்று நிதானமாக விளையும். வைக்கோலும் நிறையக் கொடுக்கும். ஒரே வீட்டார் இரண்டு மூன்று வகையை வைத்திருந்தார்கள். ஒரு மழை ஏமாற்றினாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்கிற கணக்கு அது. தினையிலும் இப்படித்தான் செந்தினை, பெருந்தினை, மூக்கந்தினை என்று வகை வகையாக உண்டு. சங்கப் பாட்டில் குறிஞ்சி நிலத்துப் பெண்கள் கிளி ஓட்டிய தினைப்புனம் இவர்களுக்குப் பாட்டில்லை. பாட்டி காலம்வரை வீட்டு வேலை.

“அப்புறம் ஏன் அத்தை விட்டாங்க?”

டீயை ஆற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, மேல் அலமாரியிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தேன். ஒன்றில் கேழ்வரகு. மற்றதில் உமி நீக்காத சாமை. போன தை மாதம் செம்மேட்டில் ஒருவரிடம் விதைக்கென்று கேட்டு வாங்கி வந்த ஒரு கைப்பிடி. இரண்டிலும் கொஞ்சம் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் அவள் கேள்விக்கான பாதிப் பதில் இருக்கிறது. கேழ்வரகுக்கு உமி என்று தனியாக ஒன்று மணியோடு ஒட்டிக்கொண்டு வராது. கதிரை அடிக்கும்போதே மேல்தோல் உதிர்ந்துவிடும். தூற்றி, கல் பார்த்து, திருகையிலோ மில்லிலோ கொடுத்தால் மாவு. மாவு வந்தால் களி. கம்பும் சோளமும் இதே இனம். அதனால்தான் எத்தனை காலம் மாறினாலும் சேலம், தருமபுரி வீடுகளில் களி நிற்கிறது. சாமை அப்படியில்லை. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எல்லாமே மணியை இறுக மூடிய உமியோடு பிறக்கிறவை. அந்த உமி வழவழப்பானது, கெட்டியானது. மணியோ கடுகளவு.

நெல்லுக்கும் உமி உண்டே என்று அவள் கேட்டாள். உண்டு. ஆனால் நெல் பெரியது, உமி இரண்டு பாதியாகப் பிளந்து வரும், அதற்கென்று ரப்பர் உருளை வைத்த மில் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. அந்த மில்லில் சாமையைக் கொட்டினால் சின்ன மணி பாதிக்குப் பாதி உமியோடு தப்பி ஓடிவிடும், மிச்சம் நொறுங்கும். உரிபடாத மணிக்கும் அரிசிக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் காற்றில் பிரிப்பதும் கடினம். ஆகவே நெல்லுக்கு மில் வந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் சாமைக்கு உரலும் உலக்கையும்தான்.

அந்த வேலை யாருடையது? பெண்களுடையது. சாமையை வெயிலில் காயப்போட்டு, உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து உமி போக்கி, உரிபடாத மணியைக் கொழித்துப் பிரித்து, மறுபடி உரலில் இட்டுக் குத்தி, மறுபடி புடைத்து, அப்புறம் தவிடு போகத் தீட்டி, கடைசியாகக் கல் அரித்துத்தான் உலை. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போட்டால்தான் ஒரு வேளைக்கான அரிசி சேரும். விடுமுறை நாளில் ஒரு மாதத்துக்குக் குத்தி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைக்க முடியாது. உமி போன சாமை அரிசியில் தவிட்டு எண்ணெய் இருக்கும். நாளானால் சிக்கு வாடை அடித்துக் கசக்கும். எனவே அன்றன்றைக்கு அல்லது இரண்டு நாளைக்கு ஒரு முறை குத்தியே ஆகவேண்டும். காட்டு வேலை முடித்து, விறகும் தண்ணீரும் கொண்டுவந்து போட்டு, அதற்குப் பிறகு உலக்கை.

சாமையின் அருமை பெருமை பேசுகிற கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பேசுகிற ஒவ்வொருவரும் ஒரு படி சாமையைக் கையால் குத்திவிட்டு வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்று மனதார நினைத்திருக்கிறேன். மலைப்பெண்கள் அந்த உலக்கையைக் கீழே வைத்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

அதே உமிக்கு இன்னொரு முகமும் உண்டு. உமியோடு இருக்கிறவரை சாமையைப் பூச்சி அண்டாது. மூங்கிலைப் பின்னி, உள்ளும் புறமும் மண் பூசி, பெரிய பானைபோலக் கட்டி வைப்பார்கள்; தொம்பை என்று பெயர். அதில் கொட்டி வாயை மண்ணால் மூடிவிட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பஞ்சத்துக்கு அதுதான் வங்கி. பெண்ணின் தோளை ஒடித்ததும் பிள்ளைகளைப் பட்டினியிலிருந்து காத்ததும் அந்த ஒரே உமி. இதை யோசித்துப் பார்த்தால் அந்த மலையின் பழைய வாழ்க்கை கொஞ்சம் புரியும்.

அவள் உள்ளங்கைச் சாமையை நகத்தால் கீறிக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட உரியவில்லை.

“சரி, ஏறிப் போறப்ப ரெண்டு பக்கமும் என்ன பயிர் பாத்தே?”

“குச்சிக்கிழங்குதான் அத்தை. சரிவு முழுக்க அதுதான்.”

அங்கேதான் மீதிப் பதில் இருக்கிறது. நாம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கும் நம் வீட்டு ஜவ்வரிசிப் பாயசத்துக்கும் உள்ள உறவு இரண்டாம் உலகப் போரிலிருந்து தொடங்குகிறது. அதுவரை ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் கப்பலில் கிழக்கிலிருந்து வந்தன. போரில் கப்பல் நின்றது. 1940களில் சேலத்து ஆட்கள் மரவள்ளியிலிருந்து அதே மாவை எடுத்து ஜவ்வரிசி திரட்டப் பழகினார்கள். கொஞ்ச காலத்தில் சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் சுற்றுவட்டாரம் முழுக்க சேகோ ஆலைகள். 1981இல் ஆலைக்காரர்களுக்கென்று சேகோசர்வ் என்கிற கூட்டுறவு சங்கமே சேலத்தில் ஏற்பட்டது. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். கீழே கிணறு வற்றுகிற ஊர்களில் கிடைப்பது போதாமல், மழை நன்றாகப் பெய்கிற மலைச் சரிவு கண்ணில் பட்டது. பாதையும் லாரியும் மேலே ஏறிய பிறகு கிழங்கு கீழே இறங்கத் தொடங்கியது.

ஒரு விவசாயியின் இடத்தில் நின்று பார். சாமைக்கு விதை விதைத்து, களை எடுத்து, கதிர் அறுத்து, களத்தில் மிதித்து, தூற்றி, மூட்டை கட்டினாலும் வாங்க ஆளில்லை; சாப்பிட வேண்டுமானால் மனைவி உரலடியில் நிற்கவேண்டும். கிழங்குக்கு வேண்டியது போன ஆண்டுக் குச்சி. நட்டால் எட்டு, பத்து மாதம் நிற்கும். நடுவில் ஒரு மாதம் மழை இல்லாவிட்டாலும் தாங்கும். வியாபாரி முன்பணம் கொடுப்பார், காட்டுக்கே லாரி வரும், எடை போட்டால் பணம். குத்துகிற வேலையும் புடைக்கிற வேலையும் அடியோடு இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணமோ அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவோ மூட்டைச் சாமையில் நிற்காது, கிழங்குப் பணத்தில் நிற்கும். 1970களுக்குப் பிறகு கொல்லிமலையின் மேட்டுக் கொல்லைகள் மெல்ல மெல்லக் கிழங்குக்கு மாறியது இப்படித்தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அதன் பிறகு ரேஷன் அரிசி. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் இலவசம். பசியான மாதங்கள் என்று ஒன்றிருந்ததை அந்த அரிசி துடைத்தெடுத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். குத்தாமல் கொள்ளாமல் வெள்ளையாக வந்து விழுகிற அரிசியை வேண்டாமென்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் காரணம் இல்லை.

“இப்ப உன் பரோட்டாவுக்கு வர்றேன். ஒரு லாரியை மனசுல வச்சுக்கோ” என்றேன். இறங்கும்போது அதில் கிழங்கு, மிளகு, காபி, பலா, அன்னாசி. ஏறும்போது அரிசி, மைதா, எண்ணெய், முட்டை. மலையில் விளைவதை மலை சாப்பிடுவதில்லை. மலை சாப்பிடுவது மலையில் விளைவதில்லை. செம்மேட்டு ஓட்டல்காரர் காலையில் கடை திறக்கும்போது கைக்குக் கிடைப்பது மைதாதான். அவர் பிசைந்து போடுகிறார். நீ போய் உட்கார்ந்து சாப்பிடுகிறாய். அவர் மலைச் சாப்பாட்டை ஒளித்து வைக்கவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. இன்னொரு டம்ளருக்குத் தண்ணீர் வைத்தேன்.

“அப்ப சாமை போனது நல்லதுதானா அத்தை?”

இல்லை. உலக்கை போனது நல்லது. சாமை போனது நட்டம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால்தான் நாம் தடுமாறுகிறோம். சாமையில் நார் உண்டு, இரும்பு உண்டு. தீட்டிய வெள்ளை அரிசி அதற்கு ஈடாகாது. சரிவு நிலத்தில் கிழங்கு பிடுங்கும்போது மண் ஆழமாகக் கிளறப்படும், அடுத்த பெருமழைக்கு மேல்மண் கரைந்து ஓடும். விலையை ஆலை தீர்மானிக்கும். கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவுச்சத்து என்று பார்த்து ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். விலை சரிந்தால் கிழங்கைச் சாப்பிட்டே ஆண்டை ஓட்ட முடியாது. 2020இல் தென்னாட்டு மரவள்ளியில் மாவுப்பூச்சி புகுந்தபோது, ஒரே பயிரை நம்புவது என்றால் என்னவென்று நாமக்கல் மாவட்டம் முழுக்கப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் மேலாக, விதை. விதைக்காத சாமையை அருங்காட்சியகத்தில் வைக்க முடியாது. இரண்டு மூன்று ஆண்டு ஒரு வகையை யாரும் விதைக்கவில்லை என்றால் அந்தப் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

இந்தச் சிக்கலைச் சரியான இடத்தில் பிடித்தவர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் என்பது என் எண்ணம். 1990களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்தார்கள். விதையைச் சேகரித்து ஊரிலேயே விதை வங்கி வைத்தார்கள். ஆனால் விதை கொடுத்தால் மட்டும் சாமை திரும்பாது என்பது அவர்களுக்குப் புரிந்தது. உலக்கைக்கு மாற்று வேண்டும். உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் பெண்கள் குழுக்களிடமே கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். அந்தக் குழுக்கள் சாமை அரிசி, சாமை மால்ட், உப்புமா மிக்ஸ் என்று பாக்கெட் போட்டு விற்கக் கற்றுக்கொண்டன. ஒரு பெண்ணுக்கு அரை நாள் எடுத்த வேலையை இயந்திரம் சில நிமிடத்தில் முடித்தால், சாமை மறுபடி வீட்டுக்குள் வர ஒரு வழி திறக்கிறது. சாமை மறைந்த பாதையை உரல்வரைக்கும் பின்னோக்கி நடந்து பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பொறுமைக்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

முழுதும் திரும்பிவிட்டதா என்றால் இல்லை. ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு நகரத்தில் சாமைக்கு நல்ல விலை. அதில் ஒரு புது வேதனை இருக்கிறது. விளைந்த கொஞ்சமும் உமியோடு மூட்டையாகி இறங்கிவிடுகிறது. நம் சிறுதானியத்தில் ஒரு பகுதி மகாராட்டிரத்து நாசிக் வரைக்கும் போய், அங்கே பெரிய ஆலையில் உமி நீங்கி, பாக்கெட்டில் சென்னை சூப்பர் மார்க்கெட்டுக்கு வருகிறது. விளைவித்தவர் வீட்டில் ரேஷன் அரிசி. விவசாயிக்கு விலை கிடைப்பது சந்தோஷம். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையின் தட்டுக்கும் அதில் ஒரு பங்கு வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அதற்கு ஊருக்கு ஊர் சின்ன மில் ஓட வேண்டும். அங்கன்வாடியிலும் பள்ளிச் சத்துணவிலும் அங்கே விளைந்த சாமை வேக வேண்டும்.

“அடுத்த தடவை போனா என்ன பண்ணணும்? அத சொல்லுங்க.”

முதலில், முன்னாடியே சொல்லியிருக்கணும் என்று ஓட்டல்காரர் சொன்னதைத் தட்டிக்கழித்ததாக எடுத்துக்கொள்ளாதே. அது உண்மையான பதில். சாமைச் சோறு வேண்டுமானால் முந்தின நாளே தங்குகிற வீட்டில் சொல்லு. எங்கே அரிசி இருக்கிறது என்று அவர்கள் கேட்டு வாங்க வேண்டும், கல் அரிக்க வேண்டும். பரோட்டாவின் விலையைக் காட்டி அதற்குப் பேரம் பேசாதே. சோற்றோடு மொச்சைக் குழம்போ அவரைக் குழம்போ, ஏதாவது ஒரு கீரையோ கேள். களி கிடைத்தால் விடாதே. வைகாசி தொடங்கி ஆடி வரைக்கும் பலா. அந்த நாட்களில் பலாக்கொட்டை போடாத குழம்பு மலையில் கிடைப்பது அரிது.

வழியில் முடவாட்டுக்கால் சூப் குடித்தோம் என்றாள். ஆட்டுக்கால் சூப் மாதிரியே இருந்ததாம். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு பெரணியின் கிழங்கு அது. மேலே பழுப்பாகப் பஞ்சு மயிர் இருப்பதால் ஆட்டுக்கால்போலத் தெரியும். முட்டிவலிக்கு நல்லதென்று மலையில் காலம் காலமாகச் செய்து குடிக்கிறார்கள். சுவைக்காக நானும் குடிப்பேன். ஆனால் அது பெரும்பாலும் யாரும் நட்டு வளர்ப்பதில்லை. பாறையில் அது தானாகப் பரவ நாளாகும். நம்மைப் போல வருகிற ஒவ்வொருவரும் கிலோ கணக்கில் பையில் போட்டுக்கொண்டு வந்தால் பாறை மொட்டையாகிவிடும். அங்கே உட்கார்ந்து ஒரு டம்ளர் குடி, அது போதும். கையில் கொண்டுவர மிளகும் காபிக்கொட்டையும் இருக்கின்றன. சோளக்காட்டுச் சந்தையில் விளைவித்தவரிடமே வாங்கலாம்.

போகிற நாளை ஆடி 17, 18 பார்த்துப் போ என்றேன். அப்போது அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழா. ஆடிப்பெருக்கு நாள் ஆகையால் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் மக்கள் சாரி சாரியாக வருவார்கள். கூட்டம் நெரியும், தங்க இடம் கிடைக்காது. ஆனால் பதினான்கு நாட்டு மக்களும் ஒன்றாகக் கூடி நிற்பதைப் பார்க்கலாம். செம்மேட்டில் வில்லோடு நிற்கிற சிலைக்குரியவன்தான் இந்த மலையை ஆண்ட ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். காரி என்ற மன்னனோடு போரிட்டு மாண்டான். காரி இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். புறநானூற்றில் ஓரியை வன்பரணர் பாடியிருக்கிறார். வேட்டைக்காட்டில், யாரென்றே தெரியாமல் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு அவன் மான் இறைச்சியும் கள்ளும் கொடுத்துவிட்டுத்தான் பொன்னும் மணியும் கொடுத்தான் என்கிறது பாட்டு. முதலில் சோறு, பிறகு பொன். கொல்லிமலைக்கு வந்த விருந்தாளியைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய செய்திகளில் இது ஒன்று. அங்கே உள்ள வீடுகளில் இன்றும் இந்த வரிசை மாறவில்லை. ஒரு முறை வழி கேட்கப் போன வீட்டில், கேள்வியை முடிப்பதற்குள் எனக்கு ஒரு சொம்பு மோரும் பலாச்சுளையும் வந்துவிட்டன. வழியை அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

இரண்டாவது டம்ளரும் முடிந்தது. மணி பதினொன்றரை. சமைக்க வேண்டிய நேரம்.

“சாமை அரிசி இருக்கா அத்தை?”

இருந்தது. போன மாதம் பெண்கள் குழு ஒன்று போட்ட பாக்கெட். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்து, கொதித்ததும் தணலைக் குறைத்து மூடினால் சீக்கிரம் வெந்துவிடும். பிறகு பத்து நிமிடம் திறக்காமல் புழுங்க விட வேண்டும், அப்போதுதான் பொலபொலவென்று வரும் என்று சொல்லிக்கொண்டே ஒரு டம்ளர் அளந்து கிண்ணத்தில் போட்டேன். அவள் கழுவி அப்படியே குக்கரில் கொட்டப் போனாள். கையைப் பிடித்தேன்.

“கல் அரிக்கணும் கண்ணு.”

சாமை மணியின் அளவுக்கே மணலும் இருக்கும். மில்லில் உமி போகும், கல் முழுதாகப் போகாது. இரண்டு கிண்ணம் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றில் அரிசியும் தண்ணீரும். கிண்ணத்தைச் சாய்த்து லேசாகச் சுழற்றி ஆட்டினால் அரிசி தண்ணீரோடு மிதந்து அடுத்த கிண்ணத்துக்குப் போகும், கல் கனத்தால் அடியில் தங்கும். வேகமாகச் சாய்த்தால் கல்லும் போய்விடும். மெதுவாகச் சாய்த்தால் அரிசியும் தங்கிவிடும். முதல் முறை எல்லாமே ஒன்றாகப் போய் விழுந்தது. இரண்டாவது முறை பாதி தரையில். மூன்றாவது முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டினாள். கிண்ணத்தின் அடியில் கறுப்பாக ஐந்தாறு பொடிக்கல் நின்றது. ஒவ்வொன்றாக விரல் நுனியில் எடுத்துப் பார்த்தாள்.

“ஒரு டம்ளருக்கே இவ்ளோ நேரமா? அவங்க வீட்ல எத்தனை பேருக்குச் சமைப்பாங்க?”

“எட்டு பேரு, பத்து பேரு இருக்கும்” என்றேன்.

அவள் தண்ணீரை மாற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து அரிக்கத் தொடங்கினாள்.